பின்சீட்டு வெளிச்சம்

அக்காவின் நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளையின் தாய்மாமன் எங்கள் காரின் பின்கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார். கூரையில் இருந்த சின்ன விளக்கு எரிந்தது. எரிந்தது என்று சொல்வதே அதற்குக் கொடுக்கும் மரியாதைதான். குனிந்து உற்றுப் பார்த்தால்தான் எரிகிறதா இல்லையா என்று சொல்ல முடியும். பல வருடம் பல்பின் சூடு பட்டு, அதன் பிளாஸ்டிக் மூடியில் தோசை தீய்ந்தது போல ஒரு பழுப்பு வட்டம் விழுந்திருந்தது. அவர் தலையை வெளியே எடுத்து, பந்தலில் இருந்த இரண்டு வீட்டாருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார்.

“ஏம்பா தம்பி, உள்ள பல்பு கீதா, இல்ல நாங்க தீப்பெட்டி எடுத்துனு வரணுமா?”

பந்தல் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது.

அவர் காரைத் திறந்து பார்த்ததற்குக் காரணம் அக்காதான். கல்யாணம் மாப்பிள்ளை ஊரில் என்று முடிவாகியிருந்தது. ஜவ்வாது மலைக்கு மேற்கே, ஆலங்காயத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மலைக்கு அந்தப் பக்கம், கண்ணமங்கலத்தை ஒட்டி அவர்கள் ஊர். கல்யாணத்துக்கு முந்தைய நாள் சாயங்காலம் பெண்ணழைப்பு. அங்கே பிள்ளையார் கோயிலில் இருந்து மண்டபம் வரைக்கும் பெண்ணைக் காரில் வைத்து, மேளத்தோடு ஊர்வலமாகக் கூட்டிப் போவார்கள். அந்தக் காரை மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவருவதுதான் வழக்கம். அதைப் பேசிக்கொண்டிருந்தபோது, தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்த அக்கா நிமிர்ந்து சொன்னாள்.

“கார் வேணாங்க. நான் எங்க தம்பி வண்டியில வர்றேன்.”

எங்கள் பக்கம் நிச்சயதார்த்தத்தில் பெண் பேசுவதே அபூர்வம். அம்மா அக்காவின் தொடையில் கிள்ளினாள். அக்கா அசையவில்லை. அப்போதுதான் தாய்மாமன் எழுந்து போய்க் கதவைத் திறந்தது, தீப்பெட்டி கேட்டது எல்லாம்.

சிரிப்பு அடங்கிய பிறகு அவர் வந்து அக்காவுக்கு எதிரே உட்கார்ந்தார். நல்ல மனிதர்தான். குரல்தான் பெரிது.

“எங்க தெருவு ஒரு மாதிரிம்மா. வண்டி நடை வேகத்துல தான் வரும். ரெண்டு பக்கமும் வாசல்ல நின்னு பார்ப்பாங்க. பொண்ணு மூஞ்சி நல்லா தெரியணும். தெரியலன்னு வச்சிக்கோ, ‘இன்னா, பொண்ண மறைச்சி இட்னு வர்றாங்க’ன்னு ஒரு பேச்சு வரும். ஒரு தபா வந்துட்டா அந்தப் பேச்சு போவாது. உனக்கு நாலு புள்ள பொறந்த அப்புறமும் சொல்லினு இருப்பாளுங்க.”

“லைட்டு போட்டுக்கலாங்க” என்றாள் அக்கா.

“சரி, உன் தம்பி வண்டியிலயே வா. ஆனா என் வண்டியும் பூ கட்டிக்கினு கோயில் கிட்ட நிக்கும். வெளிச்சம் பத்தலன்னா எறங்கி அதுல மாறிக்கணும். சரியா?”

“சரிங்க.”

அவர்கள் போன பிறகு அம்மா ஆரம்பித்தாள். “இன்னாத்துக்குடி இந்த வீம்பு? அவங்க வண்டி பெருசு, பளபளன்னு கீது. இதுல இன்னா கொறஞ்சிட போவுது உனுக்கு?”

அக்கா பாத்திரத்தை அடுக்கிக்கொண்டே பதில் சொன்னாள். “அவங்க வண்டியில போனா அவங்க இட்னு போறாங்க. நம்ம வண்டியில போனா நானா போறேன். அவ்ளோதாம்மா.”

 எனக்கு அது போதுமாக இருந்தது.

அந்தக் கார் வந்த கதை இதுதான். அக்கா எட்டாவதோடு நின்றாள். பதினெட்டு முடிந்ததும் வாணியம்பாடிப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் சேர்ந்தாள். விடிவதற்குள் கம்பெனி வேன் வந்துவிடும். பொழுது சாய்ந்து கொண்டுவந்து விடும். எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். திருப்பத்தூரில் இயற்பியல் பட்டம் படித்தேன். படித்து முடித்து, எழுதாத பரீட்சை இல்லை. வேலை மட்டும் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காதான் சொன்னாள், “வேலை வரும்போது வரட்டும். அது வரிக்கும் வண்டி ஓட்டு.” அவள் சேர்த்துவைத்த சம்பளத்தில் பழைய கார் ஒன்று வந்தது. காலையில் ஆலங்காயத்தில் இருந்து மலைமேல் பள்ளிக்கூடங்களுக்குப் போகும் ஆசிரியர்களை ஏற்றிப் போவேன். மாலையில் இறக்கி வருவேன். நடுவில் மரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டுப் படிப்பேன். இவ்வளவுக்கும் காரணமானவள் அந்தக் காரில் ஏறியது மொத்தமாகப் பத்துத் தடவை இருக்குமா என்பது சந்தேகம். அதுவும் முன்சீட்டில், மடியில் காய்கறிப் பையோடு. பின்சீட்டில் அவள் உட்கார்ந்ததே இல்லை.

ஆகவே விளக்கு விஷயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அதைவிட, தீப்பெட்டி என்ற வார்த்தை எனக்குள் எங்கேயோ சிக்கிக்கொண்டிருந்தது.

பழைய பல்பையே பெரிதாகப் போட்டால் என்ன என்று முதலில் யோசித்தேன். சரிப்படாது. அந்த வகை பல்பு வெளிச்சத்தைவிடச் சூட்டைத்தான் அதிகம் கொடுக்கும், மூடி உருகிவிடும். ஊர்வலத்தில் வண்டி நடை வேகத்தில், அடிக்கடி நின்று நின்று போகும். பலவீனமான என் பேட்டரி அதைத் தாங்காது. எல்இடி போட்டால் சூடும் இல்லை, மின்சாரமும் கொஞ்சம்தான் இழுக்கும். கணக்கெல்லாம் போட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பத்தூர் போனேன்.

கார் சாமான் கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் எல்இடிகள் வரிசையாக எரிந்துகொண்டிருந்தன. இருப்பதிலேயே பளீரென்று இருந்த வெள்ளைத் தட்டு ஒன்றை எடுத்தேன். உள்ளங்கை அளவு, அதில் அரிசி பரப்பியது போல விளக்குப் புள்ளிகள். கூடவே டேஷ்போர்டுக்குக் கீழேயும் பின்சீட்டின் கால் வைக்கும் இடத்திலும் ஒட்டுவதற்கு நீல நிற எல்இடி நாடா. நீலம் எதற்கு? பெரிய கார்களில் அப்படி இருக்கிறது, அவ்வளவுதான்.

மூடியைக் கழற்ற நல்ல ஸ்க்ரூடிரைவர் இல்லாமல் பழைய பஸ் பாஸ் அட்டையை இடுக்கில் விட்டு நெம்பினேன். ஒரு கொக்கி உடைந்தது. உள்ளே பழைய பல்பு, இரண்டு முனையும் கூராக, விரல் நுனி அளவில் ஒரு கண்ணாடிக் குழல். கழற்றினேன். புதியதை மாட்டினேன். எரியவில்லை.  பிறகுதான் நினைவு வந்தது, பழைய பல்புக்கு முன் பின் கிடையாது, எல்இடிக்கு உண்டு. திருப்பி மாட்டினேன். கார் முழுக்கப் பகல் மாதிரி வெள்ளை. சீட்டில் விழுந்திருந்த கடலைத் தோல்கூடத் தெரிந்தது. நீல நாடாவையும் ஒட்டி இணைத்தேன். கீழிருந்து நீலம், மேலிருந்து வெள்ளை. எங்கள் ஊரில் அப்படி ஒரு கார் இல்லை. எதிர்வீட்டுக்காரர் ஆட்டைக் கட்டப் போனவர் கயிற்றோடு அப்படியே நின்று பார்த்தார். “இன்னாபா, ஏரோப்ளேன் வாங்கிட்டியா?”

கல்யாணத்துக்கு அப்போது எட்டு நாள் இருந்தது. அக்கா வேலையில் இருந்து இன்னும் வரவில்லை. முதலில் அம்மாவைத்தான் உள்ளே உட்காரச் சொன்னேன். வெள்ளிக்கிழமை, அம்மா தலைக்குக் குளித்து, மஞ்சள் பூசி, பெரிதாகக் குங்குமம் வைத்திருந்தாள். பொழுது சாய்ந்திருந்தது. கதவைச் சாத்திவிட்டு விளக்கைப் போட்டேன். வெளியில் இருந்து பார்த்தேன்.

அம்மாவின் முகத்து மஞ்சள் பச்சையடித்துப் போயிருந்தது. கன்னத்தில் உயிரே இல்லை. நெற்றியில் குங்குமம் இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு வட்டம்.

விளக்கை அணைக்கக் கதவைத் திறக்கப் போனேன். ஆனால் அம்மா அதற்குள் முன்னால் இருந்த கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துவிட்டாள். பார்த்ததும் கதவைத் தள்ளிக்கொண்டு இறங்கினாள்.

“டேய், இன்னாடா இது? குங்குமம் கருப்பா தெரியுது. கல்யாணப் பொண்ண இதுலயா உக்கார வைக்கப் போற?” அம்மாவின் குரல் உடைந்தது. “வேணாம் சாமி. உன் வண்டியும் வேணாம், லைட்டும் வேணாம். அவங்க வண்டியிலயே போவட்டும்.”

நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வீட்டுக்குள் போய்விட்டாள். நான் காருக்குப் பக்கத்திலேயே நின்றேன். பத்தாவது அறிவியல் பரீட்சையில் ஒரு கேள்வி வந்தது. சிவப்பு ரோஜாவை நீல விளக்கில் பார்த்தால் எந்த நிறத்தில் தெரியும், ஏன்? கறுப்பாகத் தெரியும், நீல வெளிச்சத்தில் சிவப்பு இல்லை, ரோஜா திருப்பி அனுப்ப ஒன்றும் இல்லை என்று படம் போட்டு எழுதினேன். முழு மதிப்பெண். கல்லூரியிலும் அதையே பெரிதாக எழுதினேன். அந்த ரோஜா என் அம்மாவின் நெற்றியில் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

வேன் வந்து அக்கா இறங்கியபோது அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். அக்கா சாப்பாட்டுத் தூக்கைக்கூடக் கீழே வைக்கவில்லை. நேராக வந்து பின்சீட்டில் உட்கார்ந்தாள். விளக்கைப் போடச் சொன்னாள். உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு வீட்டுக்குள் போய், கல்யாணப் புடவையின் ரவிக்கை தைத்ததில் மிஞ்சிய துண்டுத் துணியை எடுத்துவந்தாள். அரக்குப் பட்டு. அதைக் காருக்குள் பிடித்தாள். செங்கல் தூள் போலத் தெரிந்தது. கால் பக்கம், நீலத்துக்குக் கிட்டே கொண்டுபோனாள். தார் போல ஆனது. இறங்கிப் போய் வாசலில் எரிந்த குண்டு பல்பின் கீழே பிடித்தாள். அரக்கு அரக்காகவே இருந்தது.

“இந்த லைட்டுல செவப்பே இல்லடா” என்றாள்.

நான் அவளையே பார்த்தேன். நான் பக்கம் பக்கமாக எழுதியது அந்த ஒரு வரிதான்.

“உனுக்கு எப்படிக்கா தெரியும்?”

“இதுக்குத் தாண்டா எனுக்குச் சம்பளமே.”

அவள் கம்பெனியில் என்ன வேலை செய்கிறாள் என்று இத்தனை வருடத்தில் நான் சரியாகக் கேட்டதே இல்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. ஷூ கம்பெனி, அவ்வளவுதான் தெரியும். தோல் வெட்டி வந்ததும், இடது காலுக்கான துண்டும் வலது காலுக்கான துண்டும் ஒரே நிறமா என்று பார்த்து ஜோடி சேர்ப்பது அவள் வேலை. டியூப் லைட்டுக்குக் கீழே ஒன்றாகத் தெரியும் இரண்டு பழுப்புத் தோல், ஜன்னலோரம் கொண்டுபோனால் வேறாகிவிடும். சந்தேகம் வந்தால் அங்கே ஒரு பெட்டி இருக்கிறதாம். உள்ளே சாம்பல் நிறம், மேலே மூன்று விதமான விளக்கு. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டும். மூன்றிலும் ஒன்றாக இருந்தால்தான் ஜோடி.

“புதுசா வர்ற பொண்ணுங்க பளிச்சினு கீற லைட்டுல பார்த்துட்டு பாஸ் போட்ரும். அப்புறம் பொட்டி பொட்டியா திரும்பி வரும்” என்றாள். “பளிச்சினு கீதுன்றதுக்காவ அது சரியான லைட்டுன்னு நெனைக்கக் கூடாது.”

“இப்போ இன்னா பண்றது?”

“படிச்சவன் நீ. செவப்பு கீற லைட்டா பார்த்து வாங்கினு வா.” துணித் துண்டை என் சட்டைப்பையில் செருகினாள். “கண்ண நம்பாத, இத நம்பு.”

அடுத்த நாள் மறுபடியும் திருப்பத்தூர். முன்பு போன அதே கடை. கடைக்காரரிடம் மேசைமேல் ஒரு பேட்டரி இருந்தது. வாங்குபவர்களுக்கு எரியவைத்துக் காட்ட. நான் ஒவ்வொரு எல்இடியாக எரியவிட்டு, அதற்குக் கீழே அரக்குத் துண்டைப் பிடித்தேன். நாலாவதுக்கே அவர் பொறுமை போய்விட்டது.

“தம்பி, காருக்கு பல்பு வாங்க வந்தியா, ஜாக்கெட்டுக்கு மேட்சிங் பார்க்க வந்தியா? துணிக்கடை ரெண்டு கடை தள்ளி கீதுப்பா.”

“அக்கா கல்யாணங்க. பொண்ணழைப்பு வண்டி.”

“அட, அத சொல்லக் கூடாதா?” என்றவர் துண்டை என் கையில் இருந்து வாங்கித் தானே பிடித்துப் பார்க்க ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் அவர் என்னைவிடத் தீவிரமாகிவிட்டார். “இது வேணாம், பழுப்பா போவுது. இது மஞ்சக்காமாலை மாதிரி கீது. இரு, உள்ள ஒண்ணு கீது.” பரணில் இருந்து ஒரு சுருளை இறக்கினார். வீடுகளில் சாமி அலமாரிக்கு ஒட்டும் இளமஞ்சள் எல்இடி நாடா. பேட்டரியில் வைத்ததும் துணி சட்டென்று விழித்துக்கொண்டது போல இருந்தது. அரக்கு, அதன் மடிப்பில் ஓடும் கருஞ்சிவப்பு, ஓரத்து ஜரிகை எல்லாம் தனித்தனியாகத் தெரிந்தன. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம்.

நாடாவை மூன்று மூன்று புள்ளியாக, குறி போட்டிருக்கும் இடத்தில் கத்தரிக்கலாம். கூரை நடுவில் அதை ஒட்டி, மாலையில் அக்காவை உட்கார வைத்தேன். நிறம் சரியாக இருந்தது. ஆனால் வெளிச்சம் உச்சந்தலையில் விழுந்து, கண்ணிருக்கும் இடம் இரண்டும் குழியாகிவிட்டன. பெண்ணழைப்பன்று தலை நிறையப் பூ வேறு வைப்பார்கள். அதன் நிழலும் முகத்தில் விழும்.

“பக்கத்துல இருந்து வரணும்டா. எங்க டேபிள்ல ரெண்டு பக்கமும் தான் லைட்டு. கண்ணுல படக் கூடாது, பொருள் மேல விழணும்.”

நாடாவை இரண்டாகப் பிரித்து, இரண்டு பின்கதவுக்கும் மேலே, கூரை விளிம்பில் ஒட்டினேன். ஒயரைக் கதவோர ரப்பர் பட்டைக்குள் செருகி மறைத்தேன். புள்ளி புள்ளியாகக் கண்ணைக் குத்தியது. அக்கா உள்ளே போய், கம்பெனியில் கொடுத்த ஷூ பெட்டியைப் பிரித்து, அதில் சுற்றியிருந்த மெல்லிய வெள்ளைத் தாளைக் கொண்டுவந்தாள். இரண்டு மடிப்பாக அதை நாடா மேல் ஒட்டியதும் புள்ளிகள் கரைந்து ஒரே வெளிச்சமாகிவிட்டது. எல்இடியில் சூடு இல்லாததால் தாளுக்கு ஆபத்தில்லை என்று நான் சொன்னேன். அன்று நான் சொன்னதில் உருப்படியானது அது ஒன்றுதான்.

அம்மாவைக் கூப்பிட்டோம். வரமாட்டேன் என்றாள். அப்பா போய் ஏதோ சொல்லிக் கூட்டிவந்தார். அம்மா உட்கார்ந்தாள், கண்ணாடியில் நெற்றியைப் பார்த்தாள், நீண்ட நேரம் பார்த்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, “அந்த ஊதா லைட்ட பிச்சிப் போட்டியா?” என்று மட்டும் கேட்டாள். பிய்த்துவிட்டேன் என்றேன். “அப்ப சரி” என்று இறங்கினாள்.

பெண்ணழைப்பன்று மதியமே கிளம்பினோம். மலையைச் சுற்றிக்கொண்டு வேலூர் வழியாகப் போக வேண்டும். முன்சீட்டில் அப்பா, பின்னால் அக்காவும் அம்மாவும். வழி நெடுக அக்கா தூங்கினாள். வேலைக்குப் போன வருடங்களின் தூக்கம் முழுவதையும் அந்தப் பின்சீட்டில் தூங்கினாள் என்று நினைக்கிறேன். அலங்காரம் கலைந்துவிடப்போகிறது என்று அம்மா தன் கையை அவள் கழுத்துக்குக் கீழே தலையணை மாதிரி கொடுத்துக்கொண்டு வந்தாள்.

அங்கே போய்ச் சேர்ந்ததும்தான் எனக்கு இன்னொன்று புரிந்தது. எங்கள் ஊரில் சூரியன் மலைக்குப் பின்னால் இருந்து எழும், மறைவது சமவெளியில். அதனால் மாலை வெளிச்சம் நெடுநேரம் கிடக்கும். இங்கே மலை மேற்கில் இருந்தது. வெயில் மலைக்குப் பின்னால் இறங்கியதும் தெருவில் நிழல் ஒரேயடியாக விழுந்துவிட்டது. நான் எங்கள் ஊர் மாலையை மனதில் வைத்து, பாதி ஊர்வலம் வெளி வெளிச்சத்திலேயே முடிந்துவிடும் என்று தைரியமாக இருந்தேன். மேளக்காரர்கள் கோயில் வாசலில் மேளத்தின் தோலைத் தீயில் காட்டிச் சூடேற்றும்போதே இருட்டிக்கொண்டு வந்தது. இனி எல்லாம் அந்த நாடாதான்.

தாய்மாமனின் கார் சொன்னபடியே நின்றது. வெள்ளைக் கார், முழுக்க ரோஜாவும் சம்பங்கியும். அவர் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு என் பக்கம் வந்தார்.

“இன்னா தம்பி, தீப்பெட்டி ரெடியா?”

“ரெடிங்க” என்று பட்டனைத் தட்டினேன்.

வலது பக்கம் எரிந்தது. இடது பக்கம் எரியவில்லை.

அக்காவின் பாதி முகம் வெளிச்சத்தில், பாதி இருட்டில். தெருவில் இரண்டு வரிசையாகப் பெண்கள் வந்து நிற்க ஆரம்பித்திருந்தார்கள். தாய்மாமன் கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தார்.

“ஒரு பக்கத்து தெருவு பார்க்கும், இன்னொரு பக்கத்து தெருவு இன்னா பாவம் பண்ணுச்சி?” சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் சொல்லிக்கொண்டே தன் ஓட்டுநருக்குக் கையைக் காட்டினார். அந்தக் காரின் பின்கதவு திறந்தது. “பரவால்லமா, எறங்கிக்கோ. நேரம் ஆவுது.”

 வழியில் எங்கேயோ குழியில் வண்டி குதித்தபோது இணைப்பு தளர்ந்திருக்க வேண்டும். பின்கதவைத் திறந்து, ரப்பர் பட்டையைத் தடவித் தேடினேன். மேளம் ஆரம்பித்துவிட்டது. அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா கையைத் தூக்கினாள். வளையல் முழங்கைக்குச் சரிந்தது. மருதாணிக் கட்டைவிரலால் தலைக்கு மேலே நாடாவின் முனையை மெல்ல அழுத்திக்கொண்டே போனாள், தோலில் தழும்பு தேடுகிறவள் போல. ஓரிடத்தில் நிறுத்தினாள். விளக்கு எரிந்தது. விரலை எடுத்தாள். அணைந்தது.

“இங்கதான்டா விட்டுப் போயிருக்குது. ஏதாவது வச்சி அடை.”

“இன்னாத்த வைக்கறது?”

“கண்ணாலம் முடியற வரிக்கும் நானே கைய தூக்கினு வரட்டுமா?”

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும். சட்டைப்பையில் கையை விட்டேன். அரக்குத் துண்டு இருந்தது. திருப்பத்தூர் போய் வந்ததில் இருந்து, சட்டை மாற்றும்போதெல்லாம் அதையும் மாற்றி வைத்துக்கொண்டிருந்தேன். நாலாக மடித்து, இணைப்புக்கும் ரப்பர் பட்டைக்கும் நடுவில் இறுக்கிச் செருகினேன். விளக்கு எரிந்தது. கையை எடுத்தேன். எரிந்தது. கதவை இரண்டு முறை ஓங்கிச் சாத்தினேன். எரிந்தது.

தாய்மாமன் பக்கத்தில்தான் நின்றிருந்தார்.  கண்ணாடிக்கு வெளியே இருந்து அக்காவைப் பார்த்தார். அந்த வெளிச்சத்தில் அரக்குப் புடவை, கழுத்து மாலை, நெற்றியில் சிவப்பாகக் குங்குமம். அக்காவும் தலையைக் குனியாமல் அவரைப் பார்த்தாள். அவர் திரும்பி மேளக்காரர்களைப் பார்த்துக் கத்தினார்.

“இன்னாபா பார்த்துனு நிக்கறீங்க? நட, நட.”

முதல் கியரில், பாதி கிளச்சில், மனிதர்கள் நடக்கும் வேகத்தில் ஓட்டினேன். அந்தத் தெரு எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியாது. என் கண் முழுக்க முன்னால் ஆடிப்போகிறவர்களின் குதிகால்மேல்தான் இருந்தது. காதில் மட்டும் வாசல்களில் இருந்து பேச்சு விழுந்தது.

“தோ, பொண்ணு நல்லா தெரியுது பாரு.”

“புடவ இன்னா கலரு, அரக்கா?”

“அரக்குத் தாண்டி. எவ்ளோ அம்சமா கீது.”

“யாரு வண்டி இது?”

“பொண்ணோட தம்பியாம். ஓட்டினு போறானே, அவன்தான்.”

பின்பார்க்கும் கண்ணாடியில் ஒரு முறை பார்த்தேன். அக்கா இடது பக்கமும் வலது பக்கமும் திரும்பி ஒவ்வொரு வாசலாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். அவர்கள் அவளைப் பார்த்த அளவுக்கு அவளும் அவர்களைப் பார்த்தாள். கண்ணாடியில் என் கண்ணைக் கண்டதும் சின்னதாகத் தலையை அசைத்தாள். ஜோடி சரியாக இருந்தால் அப்படித்தான் அசைத்துவிட்டு அடுத்ததை எடுப்பாள் என்று எனக்குத் தோன்றியது. எங்களுக்குப் பின்னால் தாய்மாமனின் கார், முழுக்கப் பூவோடு, பின்சீட்டில் யாரும் இல்லாமல் ஊர்ந்து வந்தது.

மண்டப வாசலில் நிறுத்தினேன். ஆரத்தி எடுத்தார்கள். தாய்மாமன் என் ஜன்னலோரம் வந்து குனிந்து, முதல் முறையாகக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“தம்பி, அந்த லைட்டு எங்க கெடைக்கும்? என் வண்டிக்கும் ஒண்ணு போட்டுக் குடு. என்னுதுல பொண்ணுங்க எல்லாம் சுண்ணாம்பு பூசுன மாதிரி தெரியுது.”

“சாமி அலமாரிக்குப் போட்றதுங்க அது” என்றேன்.

“இருக்கட்டும், இருக்கட்டும்.”

அக்கா இறங்கினாள். இறங்கியவள் சுற்றிலும் அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, மாலையைக் கையால் பிடித்துக்கொண்டு மறுபடி காருக்குள் குனிந்தாள்.

“டேய், லைட்ட ஆஃப் பண்ணு. பேட்டரி போய்டும்.”

“போவாதுக்கா. எல்இடி.”

அவள் நிமிர்ந்து உள்ளே நடந்தாள். படியேறி, வாசல் தாண்டி, கூட்டத்தில் மறையும் வரை நான் விளக்கை அணைக்கவில்லை.